தப்பான பக்கத்தில் புள்ளிகள்

என் அக்கா புருஷனைப் போல ஒரு வியாபாரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் அத்தானுக்கு மட்டும் தன் குஞ்சு கறுப்புதான், அதிலும் சிறகில் ஒரு இறகு குறைவு. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்.

அவர் விற்பது பழைய கிட்டார். கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, வீட்டின் முன்னறைதான் எல்லாம். யாரோ ஆசைப்பட்டு வாங்கி, விரல்நுனி வலித்ததும் அலமாரி மேல் தூக்கிப் போட்ட கிட்டார்களைத் தேடிப் போய் வாங்கி வருவார். துடைப்பார், கம்பி மாற்றுவார், தேய்ந்ததைச் சீவுவார், எழும்பிக்கொண்டு நிற்பதைப் படிய வைப்பார். பிறகு இணையத்தில் விளம்பரம் போட்டு விற்பார். விளம்பரத்தை ஆரம்பத்தில் அவரேதான் போட்டுக்கொண்டிருந்தார். படத்தில் கிட்டார் பாதியும் அவருடைய கால் கட்டைவிரல் முழுசாகவும் விழுந்திருந்தது. விரலுக்கு என்ன விலை என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டிருந்தான். அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்குப் போனால், ஜன்னல் ஓரமாகக் கிட்டாரைச் சாய்த்துவைத்துப் படம் எடுத்துவிட்டு, அத்தான் சொல்லச் சொல்ல எழுதுவேன்.

"எழுது சின்னவளே. பின்பக்கம் ஒரு விரிசல் இருக்கு. பசை போட்டு ஒட்டியிருக்கேன். உத்துப் பாத்தா கோடு தெரியும்."

"அத்தான், முதல்ல நல்லதைச் சொல்லுங்களேன். நல்ல மரம், சத்தம் கணீர்னு இருக்கும்னு."

"அதெல்லாம் வர்றவங்க வாசிச்சுப் பாத்து தெரிஞ்சுக்குவாங்க. விரிசலைப் பாத்தது நான்தானே? அப்ப நான்தானே சொல்லணும்?"

அக்காவிடம் முதன்முதலில் கல்யாணப் பேச்சை எடுத்தபோதே மனுஷன், "எனக்குக் குறட்டை வரும், கோவம் வந்தா பேச மாட்டேன், முடி சீக்கிரம் கொட்டிடும்" என்றுதான் ஆரம்பித்தாராம். மூன்றும் சொன்னபடியே நடந்தது. அக்காவும் குறை சொல்ல முடியாமல் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுக்கும் அத்தானுக்குக் கிட்டார் வாசிக்க வராது. விரல்கள் ஒவ்வொன்றும் ஸ்பானர் கைப்பிடி பருமன். ஒரு கம்பியை அமுக்கினால் பக்கத்துக் கம்பியும் சேர்ந்து அமுங்கும். முதல் கிட்டாரைத் தனக்கென்று வாங்கினார். அது வராது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வெகுநாள் ஆகவில்லை. ஆனால் அதைக் கழற்றி மாட்டியதில் அது முன்பைவிட நன்றாகப் பாட ஆரம்பித்தது. வாங்கியதற்கு மேல் விலைக்குப் போனது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் அவர்கள் மகள் லீவுக்கு வந்தால், கிட்டார்களுக்கு நடுவில் இடம் தேடிப் பாய் விரிக்க வேண்டும். "அப்பா, நான் இங்க வாடகைக்கு இருக்கேனா, இல்ல இதுங்க இருக்கா?" என்று அவள் கேட்டது இன்னமும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற வசனம்.

சோறு போட்டதென்னவோ லிஃப்ட்தான். உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் அத்தான் மெக்கானிக். கயிறும் கிரீஸும் இருட்டுக் கிணறும்தான் அவர் உலகம். மண்டியிட்டு மண்டியிட்டு வேலை பார்த்ததில் ஒரு முழங்கால் தேய்ந்துபோனது. இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியும் நல்லவிதமாகவே நடந்துகொண்டது. மேனேஜர் கூப்பிட்டு, ஆபீஸிலேயே உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை தருகிறேன் என்றார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால், "பதறாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பழகிப் பார்க்க என்று ஒருநாள் உட்கார வைத்தார்கள். எங்கோ மாட்டிக்கொண்ட ஒரு அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அத்தான், "மெக்கானிக் ரெண்டு பேர்தாம்மா இருக்காங்க. ரெண்டு பேரும் ஊருக்கு அந்தக் கோடியில இருக்காங்க. வர்றதுக்கு சாயங்காலம் ஆயிடும்" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா போனிலேயே ஓவென்று அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்த அத்தான் சாப்பிடவே இல்லை.

"ஆள் கிளம்பலன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுகிட்டே வந்துகிட்டு இருக்காங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார் அக்காவிடம். "இந்தக் கிட்டாரையே முழுநேரமா செஞ்சு பாக்கறேன். எனக்கு ஒரு வாய்ப்பு குடு."

அக்கா திரைச்சீலை தைக்கும் கூடத்தில் துணி வெட்டுகிறவள். கத்தரியைப் போலவேதான் பேச்சும். "முழங்காலுக்குன்னு போட்ட லீவு மாசக் கடைசி வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள இது ஒரு தொழில்னு எனக்குக் காட்டுங்க. நிக்கலன்னா வாயை மூடிக்கிட்டுப் போய் போன் எடுக்கணும். புள்ளையோட படிப்பை வச்சு நாம விளையாட முடியாது" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார். அக்காவைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதீர்கள். பயந்தவள் அப்படித்தான் பேசுவாள்.

அந்த மாதத்தில்தான் மூடப்போகிற ஒரு பாட்டு வகுப்பிலிருந்து சில கிட்டார்களை அத்தான் மொத்தமாக எடுத்து வந்தார். எல்லாம் அடிபட்டவை. ஒன்று மட்டும் வேறு ஜாதி. தேன் நிற மரம், ஒரு கீறல் இல்லை. கம்பி ஒன்றுகூட இல்லாமல் மொட்டையாக இருந்தது. அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அத்தான் காதை வைத்துக் கேட்டார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "சின்னவளே, இது நம்மளைத் தூக்கி விடும்டி" என்றார்.

ஆனால் அவர் கண்ணுக்குத்தான் குறை தெரியாமல் இருக்காதே. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிட்டாரின் வயிற்றில் கம்பிகள் ஏறி உட்காரும் எலும்புப் பட்டை ஒன்று உண்டு. அது நேராக இருக்காது, லேசாகச் சாய்ந்திருக்கும். தடித்த கம்பிக்கு ஒரு மயிரிழை நீளம் கூடுதலாக வேண்டும், அதற்காக அந்தச் சாய்வு. இந்தக் கிட்டாரில் சாய்வு எதிர்ப்பக்கம் இருந்தது. "செஞ்சவன் தூங்கிட்டானா?" என்றார். வாசிக்கிறவர் குனிந்து பார்த்துக்கொள்ளக் கழுத்தின் மேல்விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் வைப்பார்கள். இதில் கீழ்விளிம்பில் இருந்தன. நகம் பட்டு மரம் கீறாமலிருக்க ஓட்டைக்குக் கீழே ஒட்டும் தகடு, இதில் ஓட்டைக்கு மேலே ஒட்டியிருந்தது. கழுத்தின் தலைமாட்டில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் எலும்புத் துண்டும் திரும்பி இருந்தது.

ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வேலையில் இறங்கினார். எலும்பு உட்கார்ந்திருந்த சாய்வுப் பள்ளத்தைக் கடினமான மரத்துண்டு வைத்து அடைத்து, "சரியான" பக்கம் சாய்த்துப் புதுப் பள்ளம் வெட்டினார். தலைமாட்டுக்குப் புது எலும்பைத் தேய்த்துப் பொருத்தினார். தகட்டை எடுத்துவிட்டார். வேலை என்றால் அப்படி ஒரு வேலை, பழைய பள்ளம் இருந்த இடத்தை விரலால் தடவினால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதனாலேயே அதை விளம்பரத்தில் முதல் வரியாகச் சொன்னார்.

நான் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். 'எலும்புப் பட்டை தவறான சாய்வில் இருந்தது, அடைத்துப் புதிதாக வெட்டியிருக்கிறேன். தகடு தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது, எடுத்த தழும்பு தெரியும். கழுத்துப் புள்ளிகள் தவறான பக்கத்தில் இருக்கின்றன, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. தயாரித்தவர் அன்று போதையில் இருந்திருக்கலாம். மற்றபடி நல்ல கிட்டார்.'

விளம்பரம் போட்ட மறுநாள் ஒரு போன். ஊரில் பெரிய இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர். "உங்க விளம்பரத்தையெல்லாம் நான் விடாம படிக்கறேன். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்" என்றார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார். அவர் கடையில் பழுது பார்த்த ஆள் நின்றுவிட்டாராம். இந்த எலும்புப் பட்டை வேலையை நேரில் பார்க்க வேண்டும், கை சுத்தமாக இருந்தால் கிட்டாரையும் எடுத்துக்கொள்வார், கடைக்கு வரும் பழுதெல்லாம் அத்தானுக்கே. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

அத்தான் போனை வைத்ததும் அக்கா முகத்தைப் பார்த்தார். அக்கா முன்னறையைக் கூட்டித் துடைத்து, ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை இன்னொரு போன். எடுத்தது நான். எதிர்முனையில் ஒரு பெண், பேச முடியாமல் சிரிக்கிறாள். "இந்தத் தேன் கலர் கிட்டார் வச்சிருக்கிற அண்ணன் இருக்காரா? அவர்கிட்ட சொல்லுங்க, செஞ்சவன் குடிக்கல. அது இடதுகைக்காரங்க கிட்டார்."

அத்தானுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கிட்டாரைக் கையில் எடுத்தார். கழுத்து வலப்பக்கம் வருமாறு திருப்பி மடியில் வைத்தார். புள்ளிகள் மேலே வந்தன. தகட்டின் தழும்பு ஓட்டைக்குக் கீழே வந்தது. அடைபட்ட பள்ளம் சாய வேண்டிய பக்கத்துக்குச் சாய்ந்தது. எந்தக் குறையும் குறையில்லை. ஒழுங்காகச் செய்த ஒரு நல்ல கிட்டாரை எங்கள் அத்தான் தன் கையாலேயே கெடுத்து வைத்திருக்கிறார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவள் மேஜையில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள், இடது கையால். என் அக்கா பிறவி இடதுகைக்காரி! அவளுடைய கத்தரியே இடது கைக்கென்று செய்த தனிக் கத்தரி. அதை மாதாமாதம் சாணை பிடித்துக் கொடுப்பது யார்? இதே அத்தான்தான். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதைதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கடைக்காரர் வருகிறார் என்ற நினைப்பு வந்ததும் நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

சாயங்காலமே அந்தப் பெண் வந்து நின்றாள். கடைகளுக்கு ரொட்டி போடும் வண்டி ஓட்டுகிறவள். நாற்பதைத் தாண்டியிருக்கும், சட்டைக் கையில் மாவு. கிட்டாரைக் கண்டதும் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டாள். பிறகு ஐயோ என்று திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

"நான் வச்சிருக்கிறது வலதுகைக் கிட்டார் அண்ணே. கம்பியை மட்டும் இடம் மாத்திப் போட்டு வாசிக்கறேன். இடதுகைக்குன்னு செஞ்சது பழைய சரக்குல எங்கயும் கிடைக்காது. புதுசு கேட்டா, ஆர்டர் குடுங்க, முழுப்பணமும் முன்னாடியே கட்டுங்க, பிடிக்கலன்னாலும் திருப்பி எடுக்க மாட்டோம்பாங்க." கிட்டாரை மடியில் போட்டுத் தடவினாள். "எனக்குன்னு செஞ்ச ஒண்ணை இப்பத்தான் தொடறேன். இதைப் பழையபடி ஆக்க முடியுமா? ஆக்கிக் குடுத்தா நானே எடுத்துக்கறேன்."

"ஆக்கலாம் தங்கச்சி. ஆனா முதல்ல கேட்டவர் ஒருத்தர் இருக்கார். நாளைக்கு வர்றார். அவர் வேணும்னா அவருக்குத்தான். வேணாம்னா உனக்கு" என்றார் அத்தான். அவள் முகம் விழுந்தது. ஆனாலும் நியாயந்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் எங்கள் வீட்டில் மாநாடு கூடியது. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "அத்தான், அந்த ஆளுக்கு வேலைதானே பாக்கணும்? வேலை சுத்தமா இருக்கு. வெட்டினது, அடைச்சது, புள்ளி, தழும்பு எல்லாம் விளம்பரத்துல போட்டாச்சு. எதையும் மறைக்கல. இதுக்கு மேல நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

அக்கா மெதுவாக, "வேலையைக் குடுத்த பிறகு ஒருநாள் சொல்லிக்கலாமே" என்றாள்.

அத்தான் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையும் எழுதினேன், சரி. ஆனா பழியைக் கிட்டார் மேலயும் செஞ்சவன் மேலயும் போட்டு எழுதியிருக்கேனே. தப்பு என்னோடது. யாரோ ஒருத்தனைக் குடிகாரன்னு வேற சொல்லியிருக்கேன்."

"அந்தக் குடிகாரன் உங்க மேல கேஸ் போடப் போறானா?" என்றேன். எனக்குக் கோபம்தான். நேர்மை நல்லதுதான், யார் இல்லை என்றது? அதற்காகத் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறவரை என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார். நல்ல மனுஷர், சிரித்த முகம். உட்காருவதற்கு முன்பே அத்தான் கிட்டாரை அவர் கையில் கொடுத்து, "இது இடதுகைக் கிட்டாருங்க. எனக்குத் தெரியல. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு நான்தான் மாத்தி வெட்டிட்டேன்" என்று போட்டு உடைத்தார். அடுப்படியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைக்காரர் கிட்டாரை ஜன்னல் பக்கம் கொண்டு போனார். எலும்பைத் தடவினார், சாய்த்துப் பார்த்தார், கொஞ்சம் வாசித்தார்.

"கை அவ்வளவு சுத்தம். இந்த மாதிரி அடைச்ச வேலை என்கிட்ட இருந்தவர் செஞ்சதில்ல" என்றார். "ஆனா என் கடைக்கு வர்ற சாமான் என்னுது இல்லீங்க, ஜனங்களோடது. ஏன் இப்படி இருக்குன்னு கேக்காம வெட்டிட்டீங்களே. நாளைக்கு இன்னொண்ணுல இப்படி ஆனா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"நீங்க சொல்றது சரிதாங்க" என்றார் அத்தான்.

அவர் டீயைக் குடித்துவிட்டு, கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன், திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அக்கா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, சத்தமே போடாமல், "மேனேஜர் கூப்பிட்டா வர்றேன்னு சொல்லிடுங்க" என்றாள். அத்தான் சரி என்றார். அக்கா கத்தியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

மறுநாள் அத்தான் விளம்பரத்தைத் திருத்தச் சொன்னார். 'இது இடதுகைக்காரர்களுக்கான நல்ல கிட்டார். தெரியாமல் நான் கெடுத்துவிட்டேன். செய்தவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சரிசெய்துகொண்டிருக்கிறேன்.' பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்.

அந்த வாரம் முழுக்க அவர் அந்தக் கிட்டாரோடுதான் கிடந்தார். இந்தமுறை அவசரம் இல்லை. தான் வெட்டிய பள்ளத்தை அடைத்தார். முன்பு அடைத்ததை இழை இழையாகச் சுரண்டி எடுத்து, செய்தவன் வைத்த சாய்வைத் திரும்பக் கொண்டுவந்தார். கழற்றிய பழைய எலும்புத் துண்டைக் குப்பையில் போடாமல் டப்பாவில் வைத்திருந்தார், அது பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. வேலைக்கு நடுவில் அக்காவைக் கூப்பிட்டு மடியில் கிட்டாரை வைக்கச் சொல்லி, கை எங்கே வருகிறது, கண் எங்கே பார்க்கிறது என்று குனிந்து குனிந்து பார்த்தார். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் கையைப் பாக்கறீங்க" என்றாள் அக்கா. குரலில் வெட்டு இல்லை.

ரொட்டி வண்டிக்காரி தன் பழைய கிட்டாரையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். புதியதை மடியில் எடுத்துச் சுருதி கூட்டினாள். கீழே நாலு தட்டுத் தட்டினாள், சிரித்தாள். பிறகு விரல்கள் கழுத்து வயிற்றோடு சேரும் இடம்வரை நகர்ந்து மேல் சுரங்களுக்கு ஏறின. ஒரு சுரம் வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி அதே சுரம், சுத்தமாக. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தன் பழைய கிட்டாரை எடுத்து அதே இடத்தில் வாசித்தாள். எனக்கே கேட்டது. லேசாகப் பிசகி, புளித்த மாதிரி இருந்தது.

"மேல போனா எனக்கு எப்பவும் இப்படித்தான் வரும்" என்றாள். "சின்ன வயசுல ஒரு குழுவுல இருந்தேன். மேடையில மேல ஏறி வாசிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. உனக்குக் காதே இல்ல, சுருதி நிக்கலன்னு நிறுத்திட்டாங்க. அப்புறம் வீட்டுல தனியா வாசிக்கறதோட சரி. அங்க மேல போறதே இல்ல."

அத்தான் அவளுடைய பழைய கிட்டாரை வாங்கிப் பார்த்தார். "கம்பியை மாத்திப் போட்டிருக்க. இந்தப் பட்டையோட சாய்வை மாத்தல. தடிச்ச கம்பிக்கு நீளம் பத்தல, மெல்லிசுக்கு அதிகம். இதுல யார் வாசிச்சாலும் மேல பிசகத்தான் செய்யும் தங்கச்சி."

"அப்ப நான் இல்லையா?" என்றாள் அவள்.

அத்தானுக்குப் புரியவில்லை. "என்னது?"

"அந்தத் தப்பு. நான் இல்லையா அண்ணே?"

"நீ இல்லம்மா. இந்த எலும்பு."

அவள் தேன் நிறக் கிட்டாரை எடுத்து, அந்த ஒரே மேல் சுரத்தை வாசித்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நான் அழ மாட்டேன் என்று பெயர் வாங்கியவள். அன்றைக்கு அடுப்படிப் பக்கம் போக வேண்டியதாயிற்று. அங்கே ஏற்கெனவே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் தேன் நிறத்தை எடுத்துக்கொண்டாள். பழையதை விட்டுவிட்டுப் போனாள், அதன் சாய்வையும் மாற்றி வைக்கச் சொல்லி. தன் தங்கை பையனும் இடதுகைதான், அவனுக்குக் கொடுக்கப் போகிறாளாம். போகிற இடமெல்லாம் ரொட்டியோடு இந்தக் கதையையும் இறக்கியிருக்கிறாள். அடுத்த வாரம் ஒரு தபால்காரர் வந்தார், இடதுகை. பிறகு ஒரு பல் டாக்டர் வந்தார். பல்லை வலக்கையால் பிடுங்குவாராம், கிட்டாரை மட்டும் இடக்கையால் வாசிப்பாராம். பிறகு அப்பாவும் மகளுமாக வந்தார்கள், இரண்டு பேரும் இடது. எல்லார் தோளிலும் கம்பி மட்டும் மாற்றிப் போட்ட வலதுகைக் கிட்டார், எல்லாரும் தங்கள் காதைச் சந்தேகப்பட்டவர்கள். இந்த ஊரில் இத்தனை இடதுகைக்காரர்கள் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். வந்தவர்களெல்லாம் சொன்னது ஒன்றுதான். உங்கள் திருத்தின விளம்பரத்தைப் படித்தோம், ஒரு தடவை தப்பாக வெட்டித் திரும்பச் சரியாக வெட்டினவர் நீங்கள் ஒருத்தர்தான், உங்களுக்குத்தான் இரண்டு பக்கமும் தெரியும் என்றார்கள். அத்தான் இப்போதெல்லாம் எதைத் தொடுவதற்கு முன்பும் ஒரு கேள்வி கேட்கிறார்: "இது ஏன் இப்படி இருக்கு?"

மாசக் கடைசி வந்தது. அன்று முன்னறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவராம். அவருடைய கிட்டாரின் மேல் குனிந்து அத்தான் எலும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கையில் இருந்த போன் அடித்தது. மேனேஜர். திங்கட்கிழமை வருகிறாரா என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

அக்கா முன்னறைப் பக்கம் பார்த்தாள். "அவர் வேலையா இருக்கார் சார்" என்றாள்.

"என்ன வேலை?" என்று மேனேஜர் கேட்டது எனக்கும் கேட்டது.

"அவர் வேலை சார். திங்கட்கிழமை வர மாட்டார். இனிமேலும் வர மாட்டார். நீங்க செஞ்ச உதவிக்கு ரொம்ப நன்றி."

போனை வைத்தாள். அவரைக்கூடக் கேட்காமல் சொல்லிவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேனாடி? புள்ள படிக்குதே. தப்பு பண்ணிட்டேனா?" என்றாள்.

அப்போது முன்னறையில் பஸ்காரர் மேல் சுரம் ஒன்றை வாசித்தார். நிறுத்தினார். மறுபடி அதே சுரம் வந்தது. "அட, நான்தான் பிசகறேன்னு இத்தனை நாளா..." என்று அந்த ஆள் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அக்கா என் கையை விட்டாள். "இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.